2005-ஆம் வருஷத்து ஒயின்

என் அக்கா வீட்டுக்காரர் தேவசகாயம் கடலூர்–சிதம்பரம் தடத்தில் தனியார் பஸ் கண்டக்டர். பயப்படுவதற்கென்றே பிறந்த மனிதர். பஸ்ஸில் செக்கிங் ஏறினால், கணக்கெல்லாம் சரியாக இருந்தும் இவர் பையை இன்னொரு தடவை எண்ணுவார். அப்படிப்பட்டவருக்கு 2008-ல் வாய்த்த சம்பந்தி சவரிராயலு. பிரெஞ்சு ராணுவத்திலிருந்து பென்ஷனோடு வந்து சிதம்பரத்தில் வீடு கட்டியவர். விருந்தென்றால் மேசையில் ஒயின் வைக்கிற குடும்பம்.

"எம் பொண்ண அங்க யாரும் எளக்காரமாப் பாத்துடக் கூடாது மச்சான்," என்று என்னைப் பாண்டிச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனார். கல்யாணச் சீர்த்தட்டில் சம்பந்திக்கு ஒரு ஒயின் பாட்டில் வைக்க வேண்டுமாம்.

கடைக்காரர் இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தார். இரண்டும் ஒரே தோட்டம், ஒரே பெயர். ஒன்று 2004, மற்றது 2005. பின்னதன் விலை மூன்று மடங்கு.

"அஞ்சு மாதிரி ஒரு வருஷம் இனிமே வராது சார். பாரீஸ்லயே அடிச்சிக்கிறாங்க."

"நீங்க குடிச்சிப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"நா எங்க சார் குடிக்கிறது? பேப்பர்ல போட்டிருக்கான்."

எனக்கு எரிச்சல் வந்தது. "மாமா, ஒரு வருஷம் தள்ளிக் காய்ச்ச திராட்சைக்கு இவ்ளோ ஜாஸ்தியா? நாலையே வாங்குங்க."

"அவுரு வாயில வைக்கிறதுக்கு முன்னாடி லேபிளத்தான்டா பாப்பாரு," என்றார். வாங்கிவிட்டார்.

பாண்டிச்சேரி பாட்டில் எல்லை தாண்டினால் போலீஸ் பிடிக்கும். துண்டில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, செக்போஸ்ட் தாண்டும்வரை ஜெபமாலை உருட்டினார். நல்லவேளையாக யாரும் பஸ்ஸில் ஏறவில்லை. ஆனாலும் அவருக்குப் பயம் விடவில்லை. யாராவது போட்டுக்கொடுத்து போலீஸ் வீட்டுக்கே வந்துவிட்டால்? மொட்டைமாடித் தகரக் கொட்டகையில், பழைய டயர்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். கத்திரி வெயில் முழுக்க பாட்டில் அங்கேயே கிடந்தது.

கல்யாணத்தன்று லேபிளைப் பார்த்த சவரிராயலு எழுந்தே நின்றுவிட்டார். "ரெண்டாயிரத்தி அஞ்சா! இத இப்பத் தெறக்கக் கூடாது சம்பந்தி. பேரப்புள்ள ஞானஸ்நானத்துக்குத் தெறப்போம்." மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

சில மாதங்களில், பஸ்ஸில் வந்த ஒரு ஹோட்டல்காரர் பேச்சுவாக்கில், வெயிலில் வைத்த ஒயின் கெட்டுப்போகும் என்று சொல்லித் தொலைத்தார். அதோடு மாமாவுக்குத் தூக்கம் போயிற்று. மகள் சிந்துஜா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்று அக்கா தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தாள். இவர் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"உண்மையச் சொல்லிடுங்க மாமா," என்றேன்.

"கெட்டுப்போனதக் குடுத்தவன் பொண்ணுன்னு காலம் பூரா அவளச் சொல்லுவாங்கடா."

2010-ல் ஞானஸ்நான விருந்து. சவரிராயலு தக்கையைத் திருகி எடுத்தார். பக்கத்தில் இருந்த எனக்குப் புளித்த வாடை மூக்கில் ஏறியது. அவர் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். மாமா நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அஞ்சு அஞ்சுதான்யா!" என்றார் சவரிராயலு.

மேசையைச் சுற்றி எல்லோரும் குடித்துவிட்டு ஆகா என்றார்கள். எனக்குத் தொண்டை எரிந்தது. அசல் காடி. அடுத்து சிந்துஜாவுக்குக் கொஞ்சம் ஊற்றினார். ஒரே மடக்கில் குடித்தாள். "ரொம்ப நல்லாருக்கு மாமா," என்று மாமனாரைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. திரும்பி வரும்போது பஸ் புதுச்சத்திரம் தாண்டியும் மாமா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"இனிமே என்ன மாமா பயம்? அதான் முடிஞ்சிபோச்சே."

"அவ மொகம் கொஞ்சங்கூட மாறல, பாத்தியா?" என்றார். "நம்ம வூட்ல மோர் லேசாப் புளிச்சாக்கூடத் துப்பிடுவாடா. அந்த வூட்ல இன்னும் என்னென்னத்த இப்படி முழுங்கிப் பழகியிருக்காளோ?"