சோப்புக் கம்பெனியில் டான் திருந்திய கதை

புதுச்சேரி உழவர்கரையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து நடந்த சோப்புக் கம்பெனியில் நான் நான்கு வருடம் வேலை பார்த்தேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கீழே இரண்டு பேர் சோப்பு காய்ச்சுவார்கள். மாடியில் ஆறு பெண்கள் உட்கார்ந்து அதைக் காகிதத்தில் மடித்து, லேபிள் ஒட்டி, பெட்டியில் அடுக்குவோம். வேப்பிலை சோப்பு, வெட்டிவேர் சோப்பு, கடல் உப்பு போட்டது ஒன்று. எல்லாம் ஒயிட் டவுன் கடைகளுக்குப் போய் நாங்கள் வாங்க முடியாத விலைக்கு விற்கும். முதலாளியம்மா பாரீசில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அவரை மதாம் என்போம்.

மடிக்கிற வேலைக்குக் கை போதும், வாய் சும்மா இருக்கும். ஆறு பேரின் வாய் சும்மா இருந்தால் சாயங்காலத்துக்குள் ஒரு சண்டை நிச்சயம் என்று மதாமுக்குத் தெரியும். அதனால் நான் ஃபோனில் தொடர்கதை படித்துக் காட்ட ஆரம்பித்தபோது அவர் தடுக்கவில்லை. பெட்டி குறையாமல் இருந்தால் சரி என்றார். படித்துக்கொண்டே மடிக்க முடியாது. எனவே சாப்பாட்டுக்கு மேல் என் பங்கு நூறு சோப்பை மற்ற ஐந்து பேரும் ஆளுக்கு இருபதாகப் பிரித்துக்கொண்டார்கள். நான் ஜன்னலோரமாக மகாராணி போல் உட்கார்ந்து படிப்பேன். பின்னால் நான் செய்த தப்புக்கு இந்த நூறு சோப்புதான் காரணம். கலைத்தாகம், சமூக அக்கறை என்றெல்லாம் யாரும் எனக்குப் பட்டம் கட்ட வேண்டாம். சோம்பேறித்தனம்தான்.

கதை ஒரு செயலியில் வாரம் மூன்று எபிசோடாக வந்தது. ஹீரோ மாஃபியா டான். இத்தாலியில் கடலோர மாளிகை, ஆறடி மூன்றங்குலம், சாம்பல் நிறக் கண், வருடம் முழுக்கக் கறுப்புச் சட்டை. ஆனால் பேசுவது சுத்தமான தமிழ், மனசு சரியில்லை என்றால் மிளகு ரசம் கேட்பான். ஹீரோயின் காரைக்காலிலிருந்து படிக்கப் போன பெண். அவள் அப்பாவைக் கொன்ற கும்பலிடமிருந்து அவளைக் காப்பாற்றித் தன் மாளிகையில் பூட்டி வைத்திருந்தான். எதற்குப் பூட்டினான் என்று நாங்கள் கேட்கவே இல்லை. காதல் என்று கதையே சொல்லிவிட்டது.

ஒவ்வொரு எபிசோடும் முடிந்ததும் கீழே இருக்கும் கமெண்டுகளையும் படிப்பேன். அதற்குத்தான் கை தட்டல் அதிகம். "டானை அழ வைக்காதீங்க ஆத்தர், எனக்கு ஆபீஸ்ல வேலை ஓடல." "என்னையும் ஒருத்தன் கடத்த மாட்டானா, பெட்டி கட்டி ரெடியா இருக்கேன்." "நேத்து ட்விஸ்ட்டுல சாம்பார் அடிபிடிச்சிடிச்சு, என் புருஷனுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்." யாரென்றே தெரியாத இந்தப் பெண்களோடு சேர்ந்து நாங்கள் ஆறு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் மட்டமாக நினைக்கவில்லை. நாள் முழுக்க யாருக்காவது அடங்கி நடப்பவர்களுக்கு, ஊரையே நடுங்க வைக்கிற ஒருத்தன் தன் முன்னால் மட்டும் உருகுகிறான் என்பது ருசியான கற்பனைதான்.

ஐந்தாவது எபிசோடில் டான் அவளை அறைந்தான்.

எங்களில் மூத்தவர் வைத்திக்குப்பத்து அக்கா. வீடே மீன் விற்கிற வீடு. அவருக்கு மட்டும் மீன் வாசம் ஆகாது என்று சோப்புக்கு வந்தவர். அந்த வரியை நான் படித்ததும் அவர் கை நின்றது.

"நிறுத்துடி. பொம்பளைய அடிக்கிறவன் கதைய காசு கட்டி வேற படிக்கிறியா? இருபது வருசம் அடி வாங்கிக்கினு இருந்தேன், அந்தாளு செத்தப்புறம்தான் நிம்மதியா சோறு துன்னுறேன். அந்தக் கதை எனக்குத் தெரியும்."

தன் பங்கில் இருந்த என்னுடைய இருபது சோப்பைத் தூக்கி என் மடியில் வைத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திருப்பி வைத்தார்கள். அன்றைக்கு நூறு சோப்பையும் நானே மடித்தேன். முதுகு ஒடிந்துவிட்டது.

மறுநாள், இன்னும் இரண்டே வரி கேளுங்கள் என்று கெஞ்சி ஃபோனை எடுத்தேன். ஃபோனில் இருந்த கதையில் டான் அறைந்துவிட்டுச் சுருட்டுப் பிடித்துக் கடலைப் பார்ப்பான். காலையில் அவளுக்கு வைர நெக்லஸ் அனுப்புவான். நான் படித்தது வேறு. டான் பளிங்குத் தரையில் மண்டியிட்டான். "என் கை உன் மேல் பட்டது தப்பு. உனக்கு வலித்ததற்கு நான் காரணம் தேடப்போவதில்லை. என்னை மன்னிக்க வேண்டிய கட்டாயமும் உனக்கு இல்லை" என்றான். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எனக்கே கண் கலங்கிவிட்டது.

வைத்திக்குப்பத்து அக்கா கையிலிருந்த சோப்பை மடித்து முடித்தார். பிறகு கையை நீட்டினார். "சரி, குடு இருபத."

அதன் பிறகு எனக்குக் கை வந்த கலையாகிவிட்டது. கட்டில் சீன் வந்தால் வெளிப்படையாக "கட்" என்பேன், எல்லோரும் ஓவென்று கத்துவார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அடி, மிரட்டல், அறையில் வைத்துப் பூட்டுவது, இதெல்லாம் வந்தால்தான் சத்தமில்லாமல் மாற்றினேன். ஆஸ்பத்திரியில் அவள் கதவுக்கு வெளியே அவனை ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தேன். அவளுக்கு ஒரு கடிதம் எழுத வைத்தேன். கதையைச் சென்சார் செய்தால் கமெண்டையும் சென்சார் செய்ய வேண்டியிருந்தது. "அந்த அறை எனக்கே வலிச்சுது ஆத்தர்" என்று ஒருத்தி எழுதியிருந்தால், அந்த மன்னிப்பு எனக்கே வலித்தது என்று படித்துவிடுவேன். அறுபது எபிசோடுக்குள் டான் தங்கமானவனாகிவிட்டான்.

நடுவில் ஒரு பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாள். லாஸ்பேட்டையில் டிகிரி முடித்தவள். தை மாதம் கல்யாணம். அவளே விரும்பின பையன். வீட்டில் எட்டு மாதம் சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து சம்மதம் வாங்கியிருந்தாள். மணிக்கு ஒருமுறை அவன் வீடியோ கால் செய்வான். அவள் ஃபோனைச் சுற்றிக் காட்ட வேண்டும், நாங்கள் எல்லோரும் பெண்கள்தான் என்று அவன் பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்களும் பல்லைக் காட்டுவோம். அவள் ஃபோனில் என்ன இருக்கிறது என்று அவன் தினமும் பார்ப்பதால் கதைச் செயலியெல்லாம் அவளால் வைத்துக்கொள்ள முடியாது. எங்கள் டானை, அவள் சேர்வதற்கு முந்தின கதை உட்பட, அவள் என் வாயால் மட்டும்தான் அறிவாள்.

ஒரு நாள் குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவும்போது அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். நான்கு விரல் பதிந்து கன்றியிருந்தது. என்ன என்று கேட்டேன். கையை இழுத்துக்கொண்டாள். பிறகு அவளே சொன்னாள்.

"கோவம் வந்தா இப்படித்தான் அக்கா. ஆனா பாசம். நம்ம டான்கூட மொதல்ல அப்படித்தானே இருந்தான்? அப்புறம் மண்டி போட்டு கேக்கலியா? இவரும் மாறிடுவாரு. கல்யாணம் ஆனா சரியாயிடும்."

நான் இட்டுக்கட்டிய மன்னிப்பை நம்பி ஒருத்தி கழுத்தை நீட்டப்போகிறாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும் பொய்க்காரி ஆவதை நினைத்தால் வெட்கமாக இருந்தது. பத்து நாள் தள்ளிப்போட்டேன். அந்தப் பத்து நாளும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அறுபத்தோராவது எபிசோடை ஒரு காலையில் பஸ்ஸில் படித்தேன். அதில்தான் பெரிய ட்விஸ்ட். அவள் அப்பாவைக் கொன்ற கும்பல் டானின் சொந்த ஆட்கள். உத்தரவு போட்டதே அவன்தான். அவளைக் காப்பாற்றியது நாடகம். ஹீரோயின் அரைப் பக்கம் அழுதாள். "என்னை அடைய இவ்வளவு செய்தாயா?" என்று அவன் மார்பில் சாய்ந்தாள். கீழே கமெண்டுகள் பற்றி எரிந்தன. மாஸ் ட்விஸ்ட், வேற லெவல் என்று பாதிப் பேர். இனிமேல் இந்தக் கதையைத் தொடமாட்டேன் என்று கால்வாசிப் பேர். "இத எப்படி மாத்தி எழுதினா மனசு ஆறும்னு யோசிச்சிக்கிட்டே இருக்கேன்" என்று ஒருத்தி. நானும் அதைத்தான் யோசித்தேன். ஒரு அறையை மறைக்கலாம், ஒரு கொலையை எந்த மன்னிப்பால் மூடுவது? மூடினாலும், அந்தப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூட எனக்கு மனசு வரவில்லை.

அன்று மதியம் எபிசோடை ஒரு வரி விடாமல் படித்தேன்.

"ச்சீ. திருந்தினவன் எப்படிடி இத மறச்சான்?" என்றார் வைத்திக்குப்பத்து அக்கா.

"அவன் திருந்தவே இல்லக்கா. நான்தான் மாத்தி மாத்திப் படிச்சேன்."

அடுத்த கால் மணி நேரம் நான் வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது. டானைத் திட்டியதைவிட என்னைத் திட்டியது அதிகம், அது நியாயமும்கூட. முல்லா வீதியிலிருந்து வருகிற அக்கா மட்டும் லேபிள் ஒட்டிக்கொண்டே அமைதியாக இருந்தார்.

"எனக்கு எப்பவோ தெரியும்மா" என்றார். "அவன் மன்னிப்பு கேக்குற எடத்துல எல்லாம் உன் விரலு ஃபோனத் தள்ளாது. தள்ளாம எப்படிப் படிக்க முடியும்? நல்லாத்தானே சொல்றான்னு வுட்டுட்டேன்."

அப்போதுதான் புதுப்பெண் வாயைத் திறந்தாள்.

"மண்டி போட்டது?"

"நான் சேர்த்தது."

"ஆஸ்பத்திரியில வெளிய உக்காந்திருந்தது?"

"அதுவும் நான்தான். அவன் அன்னிக்கு ஊர்லயே இல்ல."

"லெட்டர்?"

"லெட்டரும் நான்தாம்மா."

"அப்ப அவன் ஒரு தடவகூட கேக்கல."

"இல்ல."

அவள் தலையைக் குனிந்து சோப்பை மடிக்க ஆரம்பித்தாள். மடிப்பு கோணலாக வந்தது, பிரித்து மறுபடி மடித்தாள். எனக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது. "என்ன மன்னிச்சிடும்மா" என்று மட்டும் சொன்னேன்.

கதையை முதலிலிருந்து மறுபடி, உள்ளது உள்ளபடி படிக்க வேண்டும் என்று தீர்ப்பானது. என் நூறு சோப்பை நானே காலையில் மடித்து முடிக்க வேண்டும் என்பது தண்டனை. மூன்று வாரம் நடந்தது. அசல் டான் வந்ததும் மாடியின் குரலே மாறிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஒரு நகை வந்தது. "இன்னொரு நெக்லஸாடி? வாயத் தொறந்து ஒரு வார்த்த வருதா பாரு. நகைக்கடைக்காரன் மவனா இவன்?" என்று வைத்திக்குப்பத்து அக்கா கேட்கும்போது மதாமே மேலே வந்து நின்று சிரித்தார். புதுப்பெண் சிரிக்கவில்லை. ஒரு வரி விடாமல் கேட்டாள்.

அந்த வாசிப்பு முடிந்த பிறகு இரண்டு நாள் அவள் வேலைக்கு வரவில்லை. மூன்றாவது நாள் வந்தாள். முகம் வீங்கியிருந்தது, அழுத முகம்தான், வேறொன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கேட்டுப் பாத்தேன் அக்கா. கையப் புடிச்சி முறுக்கினியே, அதுக்கு ஒரே ஒரு தடவ சாரி சொல்லுன்னேன். சிரிச்சாரு. அப்புறம் கடைக்குக் கூட்டிக்கினு போயி வளையல் வாங்கிக் குடுத்தாரு. வளையலப் போட்டா காயம் தெரியாதாம்."

ஒரு சோப்பை எடுத்து மடித்தாள்.

"அங்கியே கழட்டிக் குடுத்துட்டு வந்துட்டேன். அப்பாகிட்ட சொல்லிட்டேன், கல்யாணம் வேணாம்னு."

அவள் அப்பா பத்து நாள் அவளோடு பேசவில்லை. எட்டு மாதம் சண்டை போட்டு, பட்டினி கிடந்து கேட்டவள் இப்போது வேண்டாம் என்கிறாளே என்று அவருக்குக் கோபம். அந்தப் பையன் இரண்டு முறை கம்பெனி வாசலுக்கு வந்தான். முதல் முறை வைத்திக்குப்பத்து அக்கா இறங்கிப்போய்ப் பேசினார். இரண்டாம் முறை ஆறு பேரும் போனோம், மதாம் போலீசுக்கு ஃபோன் செய்வதாகச் சொன்னார். அதன் பிறகு வரவில்லை. பதினோராவது நாள் அவள் அப்பாவே ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, சாயங்காலம் எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டாராம். அதை அவள் சொன்னபோது நான் அழுதுவிட்டேன். எனக்கு அப்பா கிடையாது, அதனாலும் இருக்கலாம்.

தை பிறந்தது. கல்யாணம் நடந்திருக்க வேண்டிய நாளன்று அவள் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். புதுக் கதை எதுவும் படிக்கட்டுமா என்று கேட்டேன். அவள் யோசித்தாள்.

"மண்டி போட்டு மன்னிப்பு கேட்டானே, அந்த டான எனக்கு ரொம்பப் புடிச்சிது அக்கா. அவன நீங்கதானே செஞ்சீங்க?"

"ஆமாம்மா. பொய்தான்."

"இருக்கட்டும். அவன வெச்சி ஒரு முழுக் கதை எழுதுங்க. எப்படி இருப்பான்னு தெரிஞ்சாத்தானே, வந்தா நான் கண்டுபுடிக்க முடியும்?"

வைத்திக்குப்பத்து அக்கா என் முன்னால் இருந்த குவியலிலிருந்து இருபது சோப்பை எண்ணித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மற்றவர்களும் கை நீட்டினார்கள். என் முதல் நாவலின் முதல் வரியை நான் அன்றைக்கு ஒரு லேபிளின் பின்பக்கத்தில் எழுதினேன்.