ஒரு சாண் தாழும் கப்பல்

என் சகலைக்குப் புத்தி பேதலித்துவிட்டதாம். கடல் தண்ணீரை எடை போட்டுக்கொண்டு திரிகிறாராம். துறைமுக வாசல் காவலாளி தன் மனைவியிடம் சொல்ல, அவள் என் கொழுந்தியாளிடம் சொல்ல, கடல் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் செய்தி அவரைத் தண்ணீரிலேயே தள்ளிவிட்டிருந்தது.

சரக்கு ஏற்றிய கப்பல் எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்று அளப்பதுதான் அவர் வேலை. கயிற்றில் வாளியை இறக்கி மேல், நடு, அடி என்று மூன்று தடவை தண்ணீர் மொண்டு, கண்ணாடி மிதவையைப் போட்டு அடர்த்தி பார்ப்பார். அதனால் துறைமுகத்தில் அவர் பெயரே வாளி. உப்பும் குளிர்ச்சியும் கூடினால் தண்ணீர் கனத்துக் கப்பலைத் தூக்கிப் பிடிக்கும். உப்பு குறைந்து சூடேறினால் தாழவிடும்.

துறைமுக மேலாளருக்கு வாளியைக் கண்டால் ஆகாது. கடலின் அடர்த்தியைப் படிவத்திலேயே நிரந்தரமாக அச்சடித்துவிட்டார். இனிமேல் கடல்தான் அச்சகத்தைக் கேட்டு நடந்துகொள்ள வேண்டும்.

அன்று கோதுமைக் கப்பல் மாலை நாலு மணிக்கு ஆற்றுத் துறைக்குப் புறப்பட வேண்டும். ஆற்றின் தரைக்கும் கப்பலின் அடிக்கும் நாலு விரல் இடைவெளி இருக்கிறது என்று மேலாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். அது கடல் தண்ணீரில் போட்ட கணக்கு. வெயிலில் சூடேறிய ஆற்று நல்ல தண்ணீரில் அதே கப்பல் ஒரு சாண் கூடுதலாகத் தாழும். தரை தட்டினால் உள்ளே இருபத்திரண்டு பேர். வாளி காலையிலேயே மேலாளரிடம் ஓடினார்.

"ஏய்யா, கடல்லயும் தண்ணி, ஆத்துலயும் தண்ணி. போற வழியில கப்பல் எதைத் தின்னு குண்டாகுது?"

"கப்பல் அதேதான் சார். தண்ணிக்குத்தான் தெம்பு போயிடுது. கொஞ்சம் சரக்கை இறக்கிட்டு அனுப்புவோம்."

"இன்னைக்கு எனக்குக் கேடயம் குடுக்குறாங்க. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

விபத்தே நடக்காத பத்தாம் ஆண்டுக்கான கேடயம் அது.

வாளி கேப்டனிடம் போனார். அவர் காகிதத்தைத் திருப்பிக் கையெழுத்தைக் காட்டினார். நிறுத்தச் சொல்ல வேண்டியவர் மேலாளர் ஒருவர்தான். அவரோ துறைமுக அரங்கின் மேடையில்.

மூன்றே முக்காலுக்குக் கரையில் நின்றபடி வாளி மேலாளருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். அரங்கிலிருந்து கைதட்டல் காற்றில் வந்தது. கப்பலைக் கட்டியிருந்த முதல் கயிறு அவிழ்ந்து தண்ணீரில் விழுந்தது.

ஏழாவது தடவையும் மணி அடித்துக்கொண்டே இருந்தது.