சனிக்கிழமைப் பேய்ப்படங்கள்

ஒக்டோபர் பிறந்தால் இப்போது டென்மார்க் முழுக்கப் பூசணிக்காய்தான். எங்கட பிள்ளைகளும் முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு, வாயோரம் சிவப்பு மையை வழியவிட்டு, வீடு வீடாய்ப் போய் இனிப்பு வாங்குதுகள். போன வருஷம் இஷொய் ஊரில் இருக்கிற தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, ஹலோவீனுக்குச் சங்கத்தின்ர இணையத்தில போட ஒரு கட்டுரை வேணும். பழைய பேய்ப்படம், புதுப் பேய்ப்படம், எது திறம், எது குப்பை எண்டு. நீங்கள் அந்தக் காலத்தில பேய்ப்பட விமர்சனம் எழுதினனீங்களாமே." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. யோசிச்சுச் சொல்லுறன் என்று வைத்துவிட்டேன். எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் யோசிக்கிறதை நிற்பாட்ட முடியவில்லை.

ஓம், எழுதினேன்தான். எண்பதுகளின் கடைசியில், கிரின்ஸ்டெட்டில். அந்த ஊரில் ஒரு தொழிற்சாலை, ஒரு கடைத்தெரு, எப்பவாவது வருகிற ஒரு பஸ். நாங்கள் நாலைந்து தமிழ் ஆம்பிளைகள் ஒரு வீட்டில் இருந்தோம். என்னைத் தவிர எல்லாரும் கலியாணம் செய்தவர்கள். பெண்சாதி பிள்ளைகளை இங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டு, தபால்காரனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள்.

சனிக்கிழமைகளில் படம் பார்ப்போம். சொந்தமாய் வீடியோ டெக் இல்லை. பெற்றோல் செற்றில் டெக்கைப் பெட்டியோடு வாடகைக்குத் தருவார்கள், கூடவே கசெட்டும். முதலில் தமிழ்ப்படங்கள்தான் பார்த்தோம். கொப்பன்ஹேகன் பக்கமிருந்து தபாலில் வரும், பாதிப் படத்தில் திரையெல்லாம் கோடு கோடாய் மழை பெய்யும். மழைகூடப் பரவாயில்லை. கதாநாயகன் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினால் போதும், ஒருவர் எழும்பித் தண்ணி குடிக்கக் குசினிக்குப் போவார். தாலாட்டு வந்தால் இன்னொருவர் மூக்கைச் சிந்துவார். கிணற்றடியில் ஒரு பெண் தண்ணி அள்ளுகிறதைக் காட்டினதற்கு ஒருநாள் வீடே செத்தவீடு ஆகிவிட்டது. அதோடு வீட்டில் சட்டம் போட்டோம்: இனிமேல் பேய்ப்படம் மட்டும். பேயைப் பார்த்து ஒருவனும் அழமாட்டான்.

சட்டத்தைக் கொண்டுவந்தவர் எங்களில் மூத்தவர். எல்லாருக்கும் அவர் அண்ணைதான். யாழ்ப்பாணத்தில் மனைவியும் ஒரு மகளும். கூப்பிட விண்ணப்பம் போட்டு, கனகாலமாய்ப் பதில் இல்லை. அவருக்கு வேறு கதையே கிடையாது. வேலையில், சாப்பாட்டில், பூசைக்குப் போகிற காரில், எல்லா இடமும் "எங்கட ஆக்கள் வந்தவுடனை" என்றுதான் தொடங்குவார்.

அல்பர்ட்ஸ்லுண்டில் ஒருவர் கையெழுத்தில் ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார். போட்டோக்கொப்பி எடுத்து அனுப்புவார். ஊர்ச் செய்தியும் கவிதையும் நிறைந்து வழிந்தது. நான் பேய்ப்பட விமர்சனம் எழுதுறன் என்று சொன்னேன். மனுசனுக்கு முதலில் விசர் வந்தது. "அங்க சனம் சாகுது, உமக்குப் பேயோ?" என்றார். பிறகு பக்கம் நிரம்பினால் சரி என்று விட்டுவிட்டார்.

என்னுடைய விமர்சனத்துக்கு ஒரு அளவுகோல் இருந்தது. படம் ஓடுகிறபோது மேசையில் ஒரு தட்டு நிறையச் சிப்ஸ் இருக்கும். கைகள் தட்டுக்குப் போய்வந்தால் படம் குப்பை. கை பாதியில் நின்றால் படம் பரவாயில்லை. தட்டு அப்படியே மிஞ்சினால்தான் திறமான படம். அந்தக் கணக்கில் கறுப்பு வெள்ளைப் படங்களே வென்றன. அவற்றில் பேய்க்கு ஒரு மரியாதை இருந்தது. ஒரு கதவு மெல்லத் திறக்கும், சுவரில் நிழல் ஏறும், அவ்வளவுதான், நீட்டின கை தட்டுக்கு மேலேயே நிற்கும். புதுப்படங்களில் வாளியால் இரத்தம் ஊற்றினார்கள். எங்கட ஆக்களுக்கு அது எடுபடவேயில்லை. "இரத்தம் உப்பிடிச் சிவப்பாய் இராது, காய்ஞ்சால் கறுத்துப்போகும்" என்று ஒருவர் சிப்ஸைக் கடித்துக்கொண்டு சொல்வார். அதையும் எழுதினேன். எந்த ஊர் விமர்சகனுக்கு அப்படிப்பட்ட நிபுணர்கள் கிடைப்பார்கள்?

ஒரு படம். பெரிய மரவீடு, உள்ளே ஒரு தாயும் பிள்ளையும். சுவருக்குள் யாரோ நடக்கிற சத்தம், தட்டுமுட்டுச் சாமான் தானாய் விழுகிறது, ஊர்ச்சனமெல்லாம் ஓடுங்கோ ஓடுங்கோ என்கிறது. அவள் அசைகிறாள் இல்லை. நாங்கள் டிவியைப் பார்த்துக் கத்தினோம். "எழும்பி ஓடன்டி, விசரி!" அன்றைக்கே விமர்சனம் எழுதினேன். "புத்தியுள்ள எந்தப் பெண்ணும் இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளையோடு இருக்கமாட்டாள். படம் எடுத்தவருக்குப் பெண்களைத் தெரியாது." எழுதினதை அண்ணைக்குக் காட்டுவது வழக்கம். வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

"உந்த வரியை வெட்டிவிடும் தம்பி."

"ஏன் அண்ணை?"

"எங்கட மனுசி அப்பிடித்தான் இருக்கிறா."

பிறகுதான் சொன்னார். அவர் வீடு இருந்த ஒழுங்கையில் முக்கால்வாசிச் சனம் வெளிக்கிட்டுவிட்டது. ஆமி முகாம் கிட்ட, செல் அடிக்கிறான். மனைவி கடிதம் போட்டிருக்கிறா, நானும் பிள்ளையும் அக்கா வீட்டுக்குப் போகட்டோ என்று. இவர் அசையவேண்டாம் என்று எழுதிவிட்டார். ஏனென்றால் விண்ணப்பத்தில் அந்த வீட்டு விலாசம்தான் இருக்கிறது. விலாசம் மாறினால் பைல் அடியில் போய்விடும், திரும்பவும் முதலில் இருந்து தொடங்குவார்கள்.

இதை யார் எங்களுக்குச் சொன்னது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு அதிகாரியும் சொல்லவில்லை, ஒரு தாளிலும் இல்லை. ஆனால் அந்த நாளில் ஜூட்லாந்தில் இருந்து கொப்பன்ஹேகன்வரை எல்லாத் தமிழருக்கும் இது தெரியும். கியூவில் நிற்கிறவன் காலை எடுக்கக்கூடாது என்பது மாதிரி. சரியான முடிவு அண்ணை என்று நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். நான் அந்த வரியை வெட்டினேன்.

கியூவாம் கியூ! மண்ணாங்கட்டி. கியூ ஒன்று இருந்தால்தானே அடியும் நுனியும். எங்கட ஆக்களின் விண்ணப்பங்களை மேலிடத்தில் வேண்டுமென்று நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று பிறகு நாடே அறிந்தது. ஊரில் நிலைமை நல்லாய் வருகுதாம், அவர்கள் ஏன் இங்கே வரவேண்டுமாம். பிறகு விசாரணை வைத்தார்கள், அரசாங்கமே கவிழ்ந்தது, பத்திரிகைகளில் தமிழர் வழக்கு என்று எங்கட பெயரை வைத்தே அதைக் கூப்பிட்டார்கள். பெரிய நீதி! யாரும் ஒரு கையால்கூடத் தொடாத பைலில் தன் இடம் போய்விடக்கூடாது என்று ஒரு மனுசன் பெண்சாதியைச் செல் விழுகிற வீட்டில் இருத்தி வைத்தானே, அதற்கு எந்த விசாரணை?

செய்தி தொலைபேசியில் வந்தது. கொழும்பில் இருந்த உறவினர் ஒருவர் எடுத்தார். வீட்டில் செல் விழுந்துவிட்டது, மனுசி செத்துப்போனா, பிள்ளை தப்பிவிட்டுது. அண்ணை "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டு நின்றார். பக்கத்து ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்தோம். பாதிரியாருக்குப் பெயரை உச்சரிக்க வரவில்லை. இரண்டு தரம் பிழையாய்ச் சொன்னார், மூன்றாம் தரம் அண்ணையே எழும்பிச் சொன்னார்.

அதற்குப் பிறகு அனுமதி வந்தது. மகளுக்கும் வந்தது, மனைவிக்கும் வந்தது. செத்தவ டென்மார்க்குக்கு வரலாம் என்று முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். பேய்ப்படம் எடுக்கிறவனுக்குக்கூட இப்படி ஒரு யோசனை வராது.

மகள் ஒரு ஒக்டோபரில் வந்து இறங்கினாள். பன்னிரண்டு வயது இருக்கும். யாரோ கொடுத்த பெரிய கோட்டுக்குள் கை தெரியாது. வீட்டில் ஒரு பெண்பிள்ளை வந்ததும் எங்களுக்கு என்ன செய்கிறது என்று தெரியவில்லை. ஒருவர் வீட்டுக்குள்ளும் சேட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தார், ஒருவர் சிகரெட்டை வெளியில் போய்ப் பற்றினார். சனிக்கிழமை வந்தது. பிள்ளை இருக்கிறாள், இன்றைக்குப் படம் வேண்டாம் என்றேன். அண்ணை கேட்கவில்லை. "எல்லாம் வழமை மாதிரி நடக்கட்டும்" என்றார். பிள்ளைகளுக்கான படமாய் எடுக்கலாம் என்று பெற்றோல் செற்றுக்குப் போய்த் தேடினேன். எந்தப் பெட்டியைத் தூக்கினாலும் அட்டையில் ஒரு தாய் சிரித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் ஒரு கறுப்பு வெள்ளைப் பேய்ப்படத்தைத்தான் எடுத்துக்கொண்டு வந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டோம். நல்ல படம்தான். இருட்டில் ஒரு பெண் மெழுகுதிரியோடு படியிறங்கினாள், வயலின் இழுத்தது. தட்டில் ஒரு கையும் போகவில்லை. பிள்ளை மட்டும் சிப்ஸை ஒவ்வொன்றாய் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தாள். அண்ணை அவளின் தலையைத் தடவி, "பயமாயிருக்கே அம்மா?" என்று கேட்டார்.

"இல்லை அப்பா. படத்தில இருக்கிறவைக்கு முதலே பாட்டுப் போட்டுச் சொல்லினம்தானே. செல் வரேக்க எங்களுக்கு ஒரு சத்தமும் கேக்கேல்லை. நல்ல வெயில். அம்மா கொடியில சீலை விரிச்சுக்கொண்டு நிண்டவ."

அவள் திரையைப் பார்த்தபடியே அடுத்த சிப்ஸை எடுத்தாள்.

"அதுக்கு முதல் கிழமை பெரியம்மா வீட்டை போகவெண்டு பெட்டியெல்லாம் கட்டினவ, அப்பா. உங்கட கடிதம் வந்தவுடனை எல்லாத்தையும் அவிட்டுத் திரும்ப அலுமாரிக்குள்ள அடுக்கினவ. நான்தான் மடிச்சுக் குடுத்தனான்."

அண்ணை "ஓம்" என்றார். பிள்ளையின் தலையில் வைத்த கையை எடுக்கவில்லை. அந்தப் படத்தை முடியும்வரைக்கும் பார்த்தோம். எழும்பிப் போய் நிற்பாட்ட எங்களில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.