பெருநாளைக்கு வருவாங்க

வாப்பா துபாயில் மவுத்தான வருஷம் எனக்கு ஒன்பது வயது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். தென்காசியில் எங்கள் வீட்டில் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் உறவுகளெல்லாம் அவரவர் ஊருக்குப் பஸ் ஏறின. உம்மாவும் நானும் மிஞ்சினோம். பொம்பளைகள் இரண்டு பேர் தனியாக இருப்பது சரிப்படாது, வீட்டை விற்றுவிட்டு வாசுதேவநல்லூருக்கு வந்துவிடுங்கள் என்று மாமா முடிவு சொல்லிவிட்டுப் போனார். எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உம்மா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். அந்த நாட்களில் அவள் பேசுவதையே ஏறக்குறைய விட்டிருந்தாள்.

வீட்டை விற்றுத்தர ஒரு புரோக்கர் அண்ணாச்சி வந்தார். அவர் வந்த நேரம் குற்றாலத்தில் சீசன். அருவியில் தலையைக் கொடுத்தவனுக்கெல்லாம் இந்தப் பக்கம் ஒரு வீடு வாங்கிப் போட்டால் என்ன என்று தோன்றும், தலை காய்வதற்குள் ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்பது அவருடைய தொழில் ரகசியம். ஆகவே எங்கள் வீட்டைப் பார்க்க வந்தவர்கள் ஈரத்தலையும் தோளில் துண்டுமாகவே வந்தார்கள். அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்ட நாட்களில் இன்னும் கூட்டம். பாவம், அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே. நேந்திரங்காய் சிப்ஸைக் கொறித்துக்கொண்டே கிணற்றை எட்டிப் பார்த்து, மாடியில் நின்று மலையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள்தான் பாதிப்பேர். அவர்கள் போன பிறகு தரையெல்லாம் ஈரக் கால்தடமாகக் கிடக்கும். நான் துடைப்பேன்.

வீட்டைச் சுற்றிக் காட்டியதும் நான்தான். உம்மா இத்தா இருந்தாள். கணவன் இறந்துவிட்டால் நான்கு மாதம் பத்து நாள் பெண் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். கார் சத்தம் கேட்டதும் அவள் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அண்ணாச்சி முதல் நாளே எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

"பாப்பா, வாப்பா எங்கன்னு யாரும் கேட்டா துபாய்ல இருக்காங்கன்னு சொல்லணும், என்ன? ஆம்பள இல்லாத வீடுன்னு தெரிஞ்சா அடிமாட்டு வெலைக்குக் கேப்பானுவ. அந்தப் பின் ரூம்புல பழைய சாமான் கெடக்குன்னு சொல்லிரு."

பொய் சொன்னால் உம்மா தொடையில் கிள்ளிவிடுவாள், அதுவும் சதையைத் திருகி. முதலில் வந்த நாலைந்து பேரிடம் பின்னறைக்குக் கேட்காதபடி கிசுகிசுத்தேன். பிறகு எனக்கே அது பழகிவிட்டது. பழகியது என்ன, பிடித்துவிட்டது.

வாப்பா இல்லை என்பது எனக்குத் தெரியும். யாரும் மறைக்கவில்லை. ஆனால் தெருவில் விளையாடப் போனால் என் வயதுப் பிள்ளைகள் சட்டென்று அடங்கிப் போனார்கள். அவர்களுடைய உம்மாமார் என் தலையைத் தடவிக்கொடுத்தார்கள். நான் வீட்டுக்கே திரும்பி வந்துவிடுவேன். என்னிடம் சாதாரணமாகப் பேசியவர்கள் அந்த ஈரத்தலைக்காரர்கள் மட்டும்தான். அவர்கள் வராத நாட்கள் எனக்கு ஓடவே ஓடாது. வந்து கேட்டால், கேட்டதற்கு மேலேயே சொன்னேன். "துபாய்ல இருக்காங்க. பெருநாளைக்கு வருவாங்க. எனக்கு சைக்கிள் வாங்கித் தருவாங்க. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நானும் உம்மாவும் கார்ல போவோம்."

ஒருநாள் அப்படிச் சொல்லி ஒரு குடும்பத்தை அனுப்பிவிட்டுத் திரும்பினால், உம்மா பின்னறையிலிருந்து கூப்பிட்டாள். கிள்ளு விழப்போகிறது என்று பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன்.

"அவுகட்ட என்ன சொன்ன?"

"அண்ணாச்சிதாம்மா சொல்லச் சொன்னாரு."

"என்ன சொன்னன்னுதான் கேக்கேன். சொல்லு."

சொன்னேன். துபாயோடு நிறுத்திக்கொண்டேன்.

"பெருநாள்னு ஒண்ணு சொன்னியே. அத ஏன் விட்டுட்ட?"

அதையும் சொன்னேன். சைக்கிளையும் ஏர்போர்ட்டையும் சொன்னேன். உம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டாள். கிள்ளவில்லை. "சரி, போ" என்றாள். தப்பித்தோம் என்று ஓடி வந்துவிட்டேன்.

சீசன் முடியும் தறுவாயில் திருவேங்கடத்திலிருந்து ஒரு டீச்சரும் அவர் கணவரும் வந்தார்கள். பழைய சாமான் கதை டீச்சரிடம் செல்லவில்லை. "சாமான் கெடந்தா என்ன, சுவரு எப்படி இருக்குன்னு பாக்க வேண்டாமா?" என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அண்ணாச்சியின் முகம் செத்துப்போயிற்று. உள்ளே என்ன பேசினார்களோ, வெகுநேரம் கழித்துத்தான் டீச்சர் வெளியே வந்தார். வந்தவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அந்த நேரம் பார்த்து அவர் கணவர் என்னிடம், "அப்பா எங்க பாப்பா?" என்று கேட்டார். நான் பாடத்தை முழுசாக ஒப்பித்தேன். டீச்சர் ஏர்போர்ட் வரைக்கும் நின்று கேட்டார். பிறகு கணவரைப் பார்த்து, "வீடு பிடிச்சிருக்கு. வெலையக் கொறைக்கச் சொல்லிக் கேக்காதீங்க" என்றார். ஒரு நல்ல பேரம் கைநழுவிப் போன வருத்தத்தோடு கணவர் செருப்பை மாட்டினார். அண்ணாச்சிக்கு உயிர் வந்தது.

அதோடு வீடு பார்க்க ஆட்கள் வருவது நின்றது. இத்தா முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. கார் வரவில்லை. பின்னறைக் கதவைச் சாத்த வேண்டிய தேவையும் இல்லை. ஆனாலும் உம்மா அதற்குள்ளேயேதான் இருந்தாள். ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள்.

"இப்ப யாராவது வந்து வாப்பா எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

பரீட்சை வைக்கிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து நின்று சொன்னேன். "வீடுதான் வித்தாச்சேம்மா. இனிமே பொய் சொல்ல மாட்டேன். வாப்பா மவுத்தாயிட்டாங்கன்னுதான் சொல்லுவேன்."

உம்மா என்னையே பார்த்தாள். "ஆமா" என்றாள். பிறகு சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சரியான பதிலைச் சொல்லிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் நான் மாடிக்கு ஓடினேன். அவள் கேட்க ஆசைப்பட்டது அந்தப் பதிலை அல்ல என்பது தெரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று.