ஒரிஜினலில் போட்ட நாலு கமா

1. கரண்ட் இல்லாத முற்பகல்

நாலு கமாவும் சரியான இடத்தில்தான் இருந்தன. நான் அவற்றைப் போட்ட காகிதம்தான் தவறு.

தக்கலையில் ஒரு டைப்பிங் சென்டரில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ படித்திருக்கிறேன். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். கடை ரோஸ்லெட் அக்காவுடையது. வருகிற ஆட்களிடம் பேசுவது அவர்கள், அடிப்பது நான். எனக்கு அது வசதியாக இருந்தது. முன்பின் தெரியாதவர்களிடம் நிமிர்ந்து ஒரு வார்த்தை கேட்பதற்குள் எனக்குக் காது சூடாகிவிடும்.

அன்று செவ்வாய்க்கிழமை. முட்டத்திலிருந்து ஷீபா என்ற நர்ஸ் வந்தாள். முப்பது வயது இருக்கும். சவுதியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிறார்கள், வியாழக்கிழமை கொச்சியில் இன்டர்வியூ, பயோடேட்டா அடிக்க வேண்டும் என்றாள். ஒரு பிளாஸ்டிக் ஃபைலை என் மேசையில் வைத்தாள்.

"எல்லாம் இதுல இருக்குக்கா. நான் பேங்க் வரைக்கும் போயிட்டு வாறேன்."

அவள் போன பிறகு கரண்ட் போனது. சும்மா இருக்க வேண்டாம் என்று ஃபைலைத் திறந்து, அவளுடைய எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டை எடுத்தேன். நாலு வருடம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்ததற்கான காகிதம். ஐ.சி.யு. கேஷுவால்ட்டி டயாலிசிஸ் லேபர் வார்டு பிள்ளைகள் வார்டு என்று ஐந்து இடத்தின் பெயரை ஆங்கிலத்தில் ஒரே மூச்சாக அடித்திருந்தார்கள். நடுவில் ஒரு கமா இல்லை. பென்சிலை எடுத்து நாலு கமா போட்டேன்.

காகிதத்தைத் திருப்பும்போது விரலில் சீல் தட்டுப்பட்டது. அழுத்திக் குத்தின சீல். கையெழுத்தும் நீல மசியில் இருந்தது. எங்கள் கடைக்கு எல்லாரும் ஜெராக்ஸ்தான் கொண்டுவருவார்கள். ஷீபா ஒரிஜினலைக் கொண்டுவந்திருந்தாள்.

2. பென்சில் பழக்கம்

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கமாவைப் பற்றி எங்களுக்குச் சொல்லித்தந்தது ஒன்றுதான். வார்த்தையை ஒட்டிப் போடு, போட்ட பிறகு ஒரு ஸ்பேஸ் விடு. எங்கே போடுவது என்று யாரும் சொல்லவில்லை. அதைக் கடைக்கு வந்த காகிதங்களைப் பார்த்துத்தான் படித்தேன். பத்திரம் எழுதுகிறவர்கள் ஒரு பக்கம் முழுக்க கமாவே இல்லாமல் கொண்டுவருவார்கள். லீவ் லெட்டர் எழுதுகிற வாத்தியார்கள் இரண்டு வார்த்தைக்கு ஒன்று போடுவார்கள். நம் ஆட்கள் அதிகமாகச் செய்கிற தப்பு வேறு ஒன்று. தமிழில் 'என் அப்பா' என்று சொல்லி ஒரு மூச்சு விட்டுத்தான் மீதியைச் சொல்லுவோம். அதே மூச்சில் ஆங்கிலத்திலும் 'மை ஃபாதர்' என்று எழுதி உடனே ஒரு கமா போட்டுவிடுவோம். ஆள் யார் என்று சொல்லி முடித்தால் அவர் என்ன செய்தார் என்பதற்கு நேரே போக வேண்டும், இடையில் கமா கூடாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது.

புரிந்த பிறகு, வருகிற டிராஃப்ட்டில் எல்லாம் சந்தேகமுள்ள இடத்தில் பென்சிலால் கமா போட்டு வைப்பேன். ஆள் திரும்பி வந்ததும், "இது இப்பிடித்தானா?" என்று வாய் திறந்து கேட்க வேண்டாம் பாருங்கள். காகிதத்தை அவர்கள் பக்கம் தள்ளினால் போதும். அவர்களும் பார்க்காமலே, "செரி, அடிங்க" என்பார்கள்.

ரோஸ்லெட் அக்கா பலமுறை சொல்லியிருக்கிறார்கள். "ஏட்டி, ஒனக்கு வாயி சோறு திங்க மட்டுமா? ஒரு வார்த்த கேட்டா என்ன?"

நான் சிரித்துவிட்டு அடிக்க ஆரம்பிப்பேன்.

3. ரப்பர்

முதலில் ரப்பரைத்தான் தேடினேன். முதல் கமாவைப் பைய அழித்தேன். பென்சில் போனது, கூடவே பக்கத்து எழுத்தின் மசியும் இழுபட்டு, மிளகு அளவுக்கு ஒரு சாம்பல் கறை விழுந்தது. கையை எடுத்துவிட்டேன். மற்ற மூன்றையும் தொடவில்லை.

அக்காவிடம் காட்டினேன். அவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

"இதுக்கா மூஞ்சி இப்பிடி வெளுத்துக் கெடக்கு? கரண்ட் வரட்டு. மேல வெள்ளை மசியப் போட்டு, கலர் ஜெராக்ஸ் எடுத்து, அத ஃபைல்ல வச்சிருவோம். எவனும் கண்டுபிடிக்க மாட்டான்."

"கொச்சியில ஒரிஜினல் கேப்பாங்கக்கா. சீலத் தடவிப் பாப்பாங்க."

"அப்போ மடக்கி உள்ள வச்சிரு. அவ பாத்தா பாக்கட்டு."

ஃபைலை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா சொன்னதுபோல உள்ளே வைத்துவிட்டால், கறையை ஷீபா பார்ப்பது கொச்சியில், அதிகாரி முன்னால். அவள் ஏதோ திருத்தியிருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். அவள் என்ன பதில் சொல்லுவாள்?

ஷீபா திரும்பி வந்தாள். நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை.

"ஷீபா, நான் ஒரு தப்பு செஞ்சிட்டேன். இது ஜெராக்ஸுன்னு நெனச்சு இதுல எழுதிட்டேன்."

அவள் காகிதத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். கறையை விரலால் தொட்டாள். பிறகு சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

"அந்த ஆஸ்பத்திரிய பூட்டியாச்சுக்கா. கையெழுத்துப் போட்ட டாக்டரு, மகன்கூட இருக்கதுக்கு ஆஸ்திரேலியாவுக்குப் போயாச்சு. இன்னொண்ணு கேக்க எனக்கு ஆளில்ல. நாலு வருஷம் வேல செஞ்சதுக்கு எனக்க கையில இருக்கது இந்த ஒரு பேப்பர்தான்."

"இனி என்ன செய்ய?" என்று அக்கா கேட்டார்கள். யாரிடம் கேட்டார்கள் என்று தெரியவில்லை.

4. என் பெயரில் ஒரு லெட்டர்

கரண்ட் வந்தது. நான் கம்ப்யூட்டரில் ஒரு புதுப் பக்கத்தைத் திறந்தேன். அதுவரை ஆயிரக்கணக்கான லெட்டர் அடித்திருக்கிறேன். எல்லாம் மற்றவர்கள் சொன்னது, எழுதியது. நானாக ஆங்கிலத்தில் எழுதியது அதுதான் முதல்.

நான் இந்தக் கடையில் டைப்பிஸ்ட். ஷீபா அவர்களின் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை நகல் என்று நினைத்து, அதில் நாலு பென்சில் கமா போட்டது நான். ஒன்றை அழிக்கப் பார்த்துக் கறை ஆக்கியதும் நான். அவர் அப்போது கடையில் இல்லை. தேவையானால் என்னைக் கூப்பிட்டுக் கேட்கலாம். அவ்வளவுதான் எழுதினேன். பெயர், கடை முகவரி, போன் நம்பர், கையெழுத்து.

அக்கா தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்கள். "ஒன் பேர எதுக்குப் போடுத? போன் வந்தா நீ பேசுவியா?"

"பேசணும்லா."

"கொள்ளாம். நம்ம ஊமை கொச்சிக்காரங்கூட இங்கிலீஷ் பேசப் போறா."

ஷீபாவுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. லெட்டரை வாங்கிப் படித்தாள்.

"இதக் காட்டினா என்னயப் பாத்துச் சிரிப்பாங்கக்கா."

"என்னயப் பாத்துத்தான் சிரிப்பாங்க. நீ அவங்க கேக்கதுக்கு முந்தியே எடுத்துக் குடுத்துரு."

பிறகு அவளுடைய பயோடேட்டாவை அடித்தேன். அதையும் லெட்டரையும் ஃபைலில் வைத்துக்கொண்டு போனாள். காட்டுவாளா, மாட்டாளா என்று எனக்குத் தெரியாது.

5. வியாழக்கிழமை

காலையிலிருந்து போனைப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒருமுறை மணி அடித்தது, முதல் மணியிலேயே எடுத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து கேள்வித்தாள் அடிக்கக் கேட்டார்கள்.

மூன்று மணி வாக்கில் ஷீபாவே கூப்பிட்டாள்.

"எடுத்த எடுப்புல லெட்டரக் குடுத்துட்டேன்கா. இன்டர்வியூ எடுத்த சாரு ரெண்டு தடவ வாசிச்சாரு. டைப்பிஸ்ட் ஒனக்கு சொந்தமான்னு கேட்டாரு. இல்லன்னேன். சீலத் தடவிப் பாத்தாரு. லெட்டர சர்டிஃபிகேட்டுக்குப் பின்னால வச்சு ஊக்கு குத்திட்டு, டயாலிசிஸ் பத்திக் கேக்கத் தொடங்கிட்டாரு."

"நீ பதில் சொன்னியா?"

"அது எனக்குத் தெரியாததா?"

இரண்டு வாரம் கழித்து லிஸ்ட் வந்தது. அவள் பெயர் இருந்தது. விசா காகிதம் அடிக்க எங்கள் கடைக்குத்தான் வந்தாள். ஒரிஜினலை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். எனக்கு அதில் வருத்தமில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கமா எங்கே வர வேண்டும் என்று படித்துக்கொள்ளுங்கள், படிக்கக் கூடியதுதான். ஆனால் உங்கள் மேசைக்கு வருகிற காகிதம் உங்களுடையது அல்ல. அதில் ஒரு புள்ளி வைப்பதற்கு முன்னால் அதற்குச் சொந்தக்காரரை நிமிர்ந்து பார்த்துக் கேளுங்கள். எனக்கு இப்போதும் கேட்கும்போது காது சூடாகிறது. கேட்டுவிடுகிறேன்.