கம்பு பீர் போட்ட வெள்ளைக்காரன்

இன்று முத்தியால்பேட்டை ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் எங்கள் தெரு வசந்தா. எதிரில் கழுத்தில் ஆபீஸ் கார்டு தொங்கும் இரண்டு இளைஞர்கள். பேச்செல்லாம் பீர்தான்.

"அந்தக் கம்பு பீர் குடிச்சியா மச்சான்? மொத வாய்ல கூழு மாதிரி லேசா புளிப்பு. முழுங்குனா ஆரஞ்சுத் தோல் வாசன!"

"நம்மாளுக்கு இந்தப் பக்குவம் வராதுடா. எவனோ வெள்ளக்காரன் போட்டிருப்பான்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த பீர் வரும் சின்னக் கம்பெனியில் அதைக் காய்ச்சிப் போடுவது என் மகள். தெருவில் ஜூஸ் கம்பெனி வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டால் வசந்தாவுக்குத் தெரியாது. ஆனால் என் பெண்ணின் பெயர் வெள்ளைக்காரனுக்குப் போய்விடும்.

"தம்பி, அந்த வெள்ளக்காரனப் பெத்தவ நான்தான். மாநிறமா இருப்பா, பேரு செல்வி."

"ஆன்ட்டி! நெஜமாவா? அவங்க கைக்குத் தங்க வளையலே போடலாம்!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. வசந்தா மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

இறங்கியதும் காதருகே வந்தாள். "யக்கா, பீர் தேச்சுக் குளிச்சா முடி நல்லா வளருமாமே. செல்விகிட்ட ஒரு பாட்டில் கேளேன்."

"கேக்குறேன்டி."

"கசப்பு கம்மியா இருக்கறதா பாத்துக் குடுக்கச் சொல்லு."

பாவம், அவள் முடிக்குக் கசப்பு ஆகாதாம். உங்கள் முடிக்கு எப்படி, மக்களே?