உங்க புண்ணியத்துல

தோமெகிச்சி பேசாத மனிதர் என்று டோக்கியோவில் கார் ஓட்டுகிற நாலு பேருக்குத் தெரியும். பேசத் தெரியாதவர் அல்ல. அரசாங்க அதிகாரிகளுக்கு இருபது வருஷம் கார் ஓட்டியவர், அந்த வேலைக்கு வாய் ஒரு இடைஞ்சல். பின்சீட்டில் எதைப் பேசினாலும் முன்சீட்டுக்காரனுக்குக் காது கிடையாது என்பது வழக்கம். உள்கண்ணாடியைக்கூட, பின்னால் இருப்பவர் முகம் தெரியாதபடி கொஞ்சம் கூரைப் பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார். கேட்டால் பதில் உண்டு, அதுவும் ஒரே பதில்.

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கோங்க."

ஊரே அப்படித்தான் சொல்லும். குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தாலும், கூரை எரிந்து வானம் தெரிந்தாலும், பெரியவர் ஒருவர் கேட்டுவிட்டால் வாயில் வருவது அதுதான். நம் பாரத்தைக் கேட்டவர் தலையில் இறக்கக் கூடாது என்ற மரியாதை. நல்ல மரியாதைதான். ஆனால் அது எங்கே போய் முடியும் என்று அந்த ஆகஸ்டு மாதம் வரை தோமெகிச்சி யோசித்ததில்லை.

குஜுகுரி கடற்கரையில் மத்தி வலை இழுக்கிற குடும்பத்தில் பிறந்தவர். படகில் ஏறினால் வாந்தி வரும். "மீன்காரன் புள்ளைக்குக் கடல் ஒத்துக்கலயாம்" என்று ஊர் சிரித்தது, ரோஷத்தில் நகரத்துக்கு ஓடிவந்தார். பெரிய பூகம்பத்தில் ரயில் பாதைகள் பிளந்துபோக, நகராட்சி லாரிகளை இறக்குமதி செய்து ஆள் ஏற்றியது. அப்போது வண்டி பழகினார். ஸென் என்ற ஊர்ப்பெண்ணையே கட்டிக்கொண்டார். நாலு வருஷம் பிள்ளையில்லாமல், கடைசியில் ஒரே மகள், மிஸாவோ.

மார்ச் மாதத்துக் குண்டுவீச்சுத் தீயில் வீடு போயிற்று. குண்டு விழாத இடமாகப் பார்த்து, மனைவியையும் மகளையும் குஜுகுரியில் மைத்துனர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். மீன் நாற்றத்துக்கு எவன் வந்து குண்டு போடப்போகிறான் என்று நினைத்தார். எதிரியின் பட்டாளம் கப்பலில் வந்து இறங்க அதைவிட வசதியான நீளமணல் நாட்டில் வேறில்லை என்று பிற்பாடு பின்சீட்டுப் பேச்சில் தெரிந்துகொண்டார். வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதை.

ஜூலைக் கடைசியில் மகளின் கடிதம் வந்தது. "எனக்குப் பதினேழு முடிந்துவிட்டதால் கரைப்படையில் சேர்த்துக்கொண்டார்கள். மூங்கில் ஈட்டி போதவில்லை. எனக்குச் செருப்புத் தைக்கிற ஊசி கிடைத்தது. அந்நியர்கள் உயரம், நெஞ்சு எட்டாது, வயிற்றைப் பார்த்துக் குத்து என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். தங்கள் புண்ணியத்தில் நான் நலம்." அதைத் தொப்பியின் உள்பட்டையில் மடித்து வைத்துக்கொண்டார். வெயிலில் வியர்வை பட்டு எழுத்து ஊறி, 'நலம்' என்ற இடம் மட்டும் தெளிவாக இருந்தது.

அவர் ஓட்டியது இஸோமுரா என்ற அதிகாரியின் காரை. மந்திரிகள் மேசையைச் சுற்றி உட்கார, சுவரோரம் காகிதக்கட்டோடு உட்காருகிற வரிசையில் இஸோமுராவும் ஒருவர். மக்களின் மனநிலை எப்படி இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது அவருடைய வேலை. பெட்ரோல் கிடைக்கிற அளவு பெரிய பதவி இல்லை, ஆகவே காரின் பின்புறத்தில் கரி அடுப்பு, அதன் புகையில்தான் வண்டி ஓடும். கிளம்ப அரைமணி முன்னால் அடுப்பு மூட்டி விசிற வேண்டும். அந்தப் புகையோடு அவர்கள் போகிற பாதையில் நகரமே இல்லை. எரிந்த தரையில் பூசணிக்கொடி படர்ந்திருந்தது, நடுநடுவே இரும்புப் பெட்டகங்கள் மட்டும் நின்றன. வீடுகள் மறைத்திருந்த பூஜி மலை இப்போது எந்த முனையில் திரும்பினாலும் தெரிந்தது. தோமெகிச்சிக்குப் பல நேரம் தான் விழித்திருக்கிறோமா என்றே சந்தேகம் வரும்.

ஆகஸ்டு ஒன்பதாம் தேதி காலை. ஹிரோஷிமா போய் மூன்று நாள் ஆகியிருந்தது, வடக்கே ரஷ்யாவும் போரில் குதித்துவிட்டது. மாளிகைக்குள்ளே, போரைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய ஆறு பெரியவர்கள் கூடியிருந்தார்கள். வெளியே கிங்கோ மரத்தடியில் கார்கள் நின்றன. காதில்லாத ஓட்டுநர்கள் பத்துப் பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் நாட்டில் ரகசியம் என்று ஒன்று மிஞ்சாது. கின்ஸோ என்கிற வாயாடி ஓட்டுநர், தன் காரின் படிக்கட்டில் ஆறு கூழாங்கல் வைத்திருந்தான். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று.

"மூணு பேரு, சிம்மாசனம் ஒண்ணு தப்பிச்சா போதும், சரணடைஞ்சிடலாம்ங்கறாங்க. மத்த மூணு பேருக்கு இன்னும் மூணு நிபந்தனை வேணுமாம். அந்நியன் பட்டாளம் இங்க கால் வைக்கக்கூடாது, ஆயுதத்த நாமளே கீழ போடுவோம், தப்புப் பண்ணவன நாமளே விசாரிப்போம்."

"அவன் ஒத்துக்கலைன்னா?" என்றார் ஒரு வயதான ஓட்டுநர்.

"கரையில இறங்க விட்டு ஒரு அடி பலமா அடிச்சிட்டு, அப்புறம் பேசலாமாம். அப்பத்தான் அவன் இறங்கி வருவானாம்."

"எந்தக் கரையில?" என்று தோமெகிச்சி கேட்டார். அன்று காலை முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான். கின்ஸோவுக்கு அவர் ஊர் தெரியும். கல்லைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

"அந்தக் குண்டு அவன்கிட்ட இன்னும் எத்தனை இருக்காம்?" என்று வயதானவர் பேச்சை மாற்றினார்.

"நூறுங்கறாரு ஒருத்தரு. அந்த ஒண்ணோட தீந்துச்சுங்கறாரு இன்னொருத்தரு."

"ரெண்டு பேரும் போயி எண்ணிட்டு வந்தாங்களாக்கும்?"

சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சைக்கிளில் ஒருவன் வியர்க்க விறுவிறுக்க வந்து உள்ளே ஓடினான். நாகசாகியிலும் அதே மாதிரி குண்டு விழுந்துவிட்டது என்று காவல்காரன் வந்து சொன்னான். "தீந்துச்சுன்னவருக்கு யாராச்சும் போயிச் சொல்லுங்கப்பா" என்றான் கின்ஸோ. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து வந்தவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கின்ஸோ கல்லைத் தொடவே இல்லை. ஒரு ஊர் போயிற்று, ஒரு கல்கூட நகரவில்லை.

அன்று மதியம் இஸோமுரா காரில் ஏறியதும், என்றைக்கும் இல்லாமல் கேட்டார்.

"தோமே, உன் பொண்டாட்டி புள்ள எல்லாம் குஜுகுரியிலதானே?"

"ஆமாங்க."

"எப்படி இருக்காங்க?"

தோமெகிச்சியின் தொப்பிக்குள் கடிதம் சூடாக இருந்தது. "உங்க புண்ணியத்துல நல்லா இருக்காங்க, ஐயா" என்றார். அது நாக்கு செய்த வேலை. மனசு அந்த இடத்திலேயே இல்லை.

வழியில் ததேவாகி என்ற கர்னல் ஏறிக்கொண்டார். கார் கொஞ்ச தூரம் போனதும் இஸோமுரா அவரிடம் சொன்னார்: "ஜனங்க தளர்ந்துட்டாங்கன்னு அமைச்சரவையில சிலர் சொல்றாங்க, கர்னல். எனக்குத் தோணல. இதோ, நம்ம ஓட்டுநர் குடும்பம் குஜுகுரி மணல்லயே உட்கார்ந்திருக்கு. கேட்டேன். ஒரு முணுமுணுப்புக்கூட இல்ல. நல்லா இருக்காங்கன்னு சொல்றான்."

"அதுதான் நம்ம ஜனம்!" கர்னல் தொடையில் தட்டினார். "அப்படியே எழுதுங்க. கரையோரம் இருக்கிறவனே கலங்கல, நாற்காலியில இருக்கிறவனுக்கு என்ன நடுக்கம்னு கேக்கலாம்."

பென்சில் காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது. முன்சீட்டில் தோமெகிச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தன் வாயிலிருந்து வந்த நாலு வார்த்தை, தன் மகளைக் கரையிலேயே நிறுத்திவைக்கிற பக்கத்துக்கு ஒரு கல்லாகப் போகிறது. திரும்பி, "ஐயா, அது சும்மா சொன்னது" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. காதில்லாதவன் எப்படிப் பதில் சொல்வது? இறங்கும்போது கதவைத் திறந்து, குனிந்து வழியனுப்பினார்.

அதன்பின் வந்த நாட்கள் அவருக்கு ஒரே நாளாகக் கலந்துபோயின. சில்வண்டு இரைச்சலில், சூடான காருக்குள், பட்டப்பகலில் கண் செருகும். செருகினால் கனவு. கடல் வெகுதூரம் பின்வாங்கிப் போயிருக்கும். மகள் ஈரமணலில் குனிந்து குனிந்து சிப்பி பொறுக்கிக்கொண்டே தூரத்துக்குப் போவாள். "மிஸாவோ, வந்துடும்மா" என்று கத்துவார். அவள் திரும்பி, வணங்கி, "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேம்ப்பா" என்பாள். பின்னால் தண்ணீர் சுவராக எழும். விழித்தால் சில்வண்டு, பூசணிப்பூ, கின்ஸோவின் கல். விழிப்புக்கும் கனவுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம், விழிப்பில் கத்த முடியவில்லை என்பதுதான்.

இடையில் சிம்மாசனத்தில் இருக்கும் சக்கரவர்த்தியே ஒரு தடவை, சரணடையலாம் என்று முடிவு சொல்லிவிட்டதாக மரத்தடியில் பேசிக்கொண்டார்கள். அப்புறம் எதிரியின் பதில் வந்தது, அதிலுள்ள ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பெரியவர்கள் மறுபடி பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தார்கள். பதின்மூன்றாம் தேதியும் மூன்றுக்கு மூன்றுதான். நாடு தோற்றுவிட்டது என்று உள்ளே இருந்த எல்லோருக்கும் தெரியும், அதை முதலில் சொல்லுகிறவனாக இருக்கத்தான் ஆளில்லை.

அன்று மத்தியானம் இஸோமுரா தனியாக ஏறினார். மடியில் காகிதக்கட்டு. கார் எரிந்த வெளியில் போய்க்கொண்டிருந்தது. தோமெகிச்சி கையை உயர்த்தி உள்கண்ணாடியைத் திருப்பினார். இருபது வருஷத்தில் முதல் தடவையாகப் பின்சீட்டு மனிதரின் கண் தெரிந்தது. தூங்காத கண்.

"ஐயா, நான் பொய் சொல்லிட்டேன்."

இஸோமுராவுக்கு யார் பேசுகிறார்கள் என்று புரியவே சற்று நேரமாயிற்று. "என்ன?"

"அன்னிக்குக் கேட்டீங்களே, நல்லா இருக்காங்கன்னு சொன்னேன். இல்லீங்க. எம் பொண்ணுக்குப் பதினேழு வயசு. செருப்புத் தைக்கிற ஊசியைக் கையில குடுத்து வயித்துல குத்தச் சொல்லியிருக்காங்க. கோழி அறுக்கறதுக்கே கண்ண மூடிக்கிற புள்ளங்க. எனக்குத் தூக்கம் வந்து நாளாச்சு. எம் பேச்சைக் காகிதத்துல எழுதிருக்கீங்க, தயவுசெஞ்சு அதை அடிச்சிடுங்க. வேலைய விட்டு நிறுத்தினாலும் நிறுத்திக்குங்க, ஐயா."

"வண்டிய நிறுத்து" என்றார் இஸோமுரா.

நிறுத்தினார். சுற்றிலும் பூசணிக்கொடி, ஓர் இரும்புப் பெட்டகம், தூரத்தில் மலை. வேலை போயிற்று என்று தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எம் பையன் ஒக்கினாவாவுல செத்துப்போனான்" என்றது பின்சீட்டுக் குரல். "ஜூன்ல. அமைச்சர் கூப்பிட்டு, வீட்டுல எப்படி இருக்காங்கன்னு கேட்டாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? உங்க புண்ணியத்துல நல்லா இருக்கோம்னேன்." ஒரு மாதிரி சிரித்தார். "அவரும் அவருக்கு மேல இருக்கிறவருக்கு அதைத்தான் சொல்லியிருப்பாரு. இந்த நாட்டுல எல்லாருமே நல்லாத்தான் இருக்காங்க, தோமே."

பென்சில் ஒரு கோடு இழுக்கிற சத்தம் கேட்டது. ஒரு கோட்டோடு நிற்கவில்லை, பக்கம் பக்கமாகப் புரட்டி இழுத்துக்கொண்டே போயிற்று. பிறகு, "போலாம், அடுப்பு அணைஞ்சிடப் போகுது" என்றார். வாசலில் தோமெகிச்சி கதவைத் திறக்குமுன் தானே திறந்துகொண்டு, வெற்றுக் காகிதம் ஒன்றில் எதையோ எழுதியபடி படியேறினார்.

மறுநாள் மதியத்துக்குள் சிம்மாசனம் இரண்டாம் தடவையாகச் சொல்லிவிட்டது, இந்தத் தடவை யாரும் மறுக்கவில்லை. ஒரு ஓட்டுநர் பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால், இருக்காது என்றே சொல்ல வேண்டும். இஸோமுராவின் காகிதத்தை மேசையில் யாராவது படித்தார்களா என்பதுகூடத் தெரியாது. கின்ஸோ ஆறு கல்லையும் அள்ளிப் பூசணிக்கொடிக்குள் வீசினான். "இத்தனை நாளு ஆடின ஆட்டத்துக்கு ஒரே நிமிஷத்துல முடிஞ்சிடுச்சே. முன்னாலயே முடிச்சிருந்தா ரெண்டு ஊரு மிஞ்சியிருக்குமேண்ணே" என்று சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதான்.

பதினாறாம் தேதி இஸோமுரா கொடுத்த சீட்டைக் காட்டி ரயிலேறி, பாக்கித் தூரத்தை நடந்து தோமெகிச்சி குஜுகுரி போய்ச் சேர்ந்தார். கடல் எதுவும் நடக்காதது மாதிரி இருந்தது. மணல்மேட்டில் ஆள் ஆழத்துக்கு வரிசையாகப் பதுங்கு குழிகள். ஒன்றுக்குள்ளிருந்து மண்வெட்டியின் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தார். மிஸாவோ, தோண்டின குழியைத் தூர்க்கச் சொன்னார்களோ என்னவோ, உள்ளே நின்று பக்க மணலைச் சரித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் கயிற்றில் ஊசி தொங்கியது. கையில் துணி சுற்றி, துணியில் ரத்தம் காய்ந்திருந்தது.

"எப்படிம்மா இருக்கே?"

அவள் மண்வெட்டியை வைத்துவிட்டு முறையாகக் குனிந்து வணங்கினாள். "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேம்ப்பா."

தோமெகிச்சி குழிக்குள் இறங்கினார். மணல் சரிந்து முழங்கால் வரை மூடியது. அவள் கையைப் பிடித்துத் துணியை அவிழ்த்தார்.

"அது வேணாம்மா. அப்பாகிட்ட நெசத்தைச் சொல்லு."

அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். உதடு கோணியது.

"பயமா இருந்துச்சுப்பா" என்றாள். "தினமும் கனவுல ஒரு வயிறு வந்துச்சு. யாரு வயிறுன்னே தெரியல. குத்து குத்துன்னாங்க. அது மூச்சு விட்டுக்கிட்டு இருந்துச்சுப்பா."

அவர் அவள் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து ஊசியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "நானும் பயந்து செத்தேன்" என்றார். அதற்குப் பிறகு இருவரும் அந்தக் குழிக்குள்ளேயே உட்கார்ந்து, ஸென் வந்து கூப்பிடும்வரை, வாய்விட்டு அழுதார்கள்.